இருபத்தொரு டிகிரியில் திரிந்த பால்

திரிந்த பாலின் நாற்றம் மூக்கோடு நிற்காது. தொண்டைக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். ஸ்ரீவில்லிபுத்தூரில் சௌந்தரபாண்டியனின் பால்கோவாக் கடைப் பின்கட்டில், குளிர் அறைக் கதவைத் திறந்த அடுத்த நொடியே அது எனக்குள் குடியேறிவிட்டது.

"உள்ள போலே," என்றார் ஆனந்தவல்லி அக்கா, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

"நீங்க போங்கக்கா. முதலாளி முன்னால போறதுதான் மரியாதை."

"சம்பளம் யாரு வாங்குதா?"

போனேன்.

அக்கா ராஜபாளையத்தில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறார். நான் சமுத்திரம். அவருக்கு உதவியாளன், ஸ்கூட்டர் ஓட்டுபவன், டீ வாங்கி வருபவன், திட்டு வாங்குபவன். எங்களுக்கு வருவதெல்லாம் மாப்பிள்ளை விசாரணைதான். குடிப்பானா, கடன் இருக்கா, ஏற்கெனவே ஒரு குடும்பம் இருக்கா என்று பார்த்துப் பார்த்து மனிதர்கள் மேல் எனக்கு எப்போதோ வெறுப்பு வந்துவிட்டது. பால் விஷயம் இதுதான் முதல் தடவை.

கேஸைக் கொண்டுவந்தவள் பாண்டிசெல்வி, நூல் மில் தொழிலாளி. காலை ஷிப்ட் முடிந்து தலைமுடியில் பஞ்சு ஒட்டியபடியே நேராக எங்கள் ஆபீசுக்கு வந்து நின்றாள். சுந்தரபாண்டியம் கிராமத்தில் அவளுடைய அம்மா மாரியாத்தாளுக்கு மூன்று மாடுகள். பல வருஷமாகச் சாயங்காலப் பாலை சௌந்தரபாண்டியன் கடைக்குத்தான் ஊற்றி வந்தாள். போன மாதம் மூன்று தடவை, அவள் ஊற்றிய பால் மறுநாள் காலை அடுப்பில் ஏறியதும் திரிந்து போனது.

மூன்றாவது தடவை திரிந்த அன்று சாயங்காலம், பால்காரர்கள் எல்லாரும் கேனோடு கூடி நிற்கும் நேரத்தில், சௌந்தரபாண்டியன் அவளுடைய புதுப் பாலில் விரலை விட்டு நக்கினார். 'தூ' என்று துப்பினார். "நேத்துப் பாலை இன்னைக்குப் பாலோட கலந்து ஊத்துதா, திருட்டுக் கழுதை" என்று சொல்லிக் கேனை அப்படியே சாக்கடையில் கவிழ்த்தார். அதோடு முடிந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் வேறு எந்தக் கடையும் மாரியாத்தாளின் பாலைத் தொடவில்லை.

"இன்னைக்குச் சாயங்காலம் சேத்தூர் வியாபாரி வண்டியோட வாரான். மூணு மாட்டையும் ஓட்டிட்டுப் போயிருவான்," என்றாள் பாண்டிசெல்வி. "மாடு போனாக்கூட பொழச்சுக்கிடுவோம் அக்கா. கள்ளிங்கிற பேரோட எங்கம்மா பொழைக்க மாட்டா."

அதற்காகத்தான் இந்த நாற்றத்துக்குள் நான் நின்றேன்.

அறை சின்னது. ஓரத்தில் இரும்பு அலமாரி, அதில் பால் கேன்கள். அறையைக் குளிர வைக்கும் கூலர் உறுமிக்கொண்டிருந்தது. கதவோரம் தொங்கிய வெப்பமானி நாலு டிகிரி காட்டியது. சுவரில் பல வருஷத்துப் பால் பிசுக்கு அப்பியிருந்தது. அதில் பொத்தான் எது பலகை எது என்றே தெரியாத ஒரு பழைய ப்ளக் பாயிண்ட், பக்கத்திலேயே பளிச்சென்று வெள்ளையாக இன்னொன்று. தரை வழுக்கியது. எதன் மேல் வழுக்குகிறேன் என்று யோசிக்காமல் இருக்கப் பார்த்தேன்.

"அலமாரிக்கு அடியில கையை விட்டுப் பாரு."

"அக்கா, எனக்கு இன்னும் கல்யாணம் ஆகல. இந்தக் கை எனக்கு வேணும்."

"விடுலே."

விட்டேன். கொழகொழவென்று ஏதோ விரலில் ஒட்டியது. அது என்னவென்று இந்த நிமிஷம் வரை நான் யாரிடமும் கேட்கவில்லை. அதற்குள் சின்னதாக, கெட்டியாக ஒன்று அகப்பட்டது. துடைத்துப் பார்த்தேன். கறுப்புத் திருகாணி. ஸ்க்ரூடிரைவர் இல்லாமல் விரலாலேயே திருகிக் கழற்றுகிற மாதிரி தலையில் வரி வரியாக வெட்டியிருந்தது.

"இது கம்ப்யூட்டர் பெட்டியோட பக்கத் தகட்டுத் திருகுக்கா," என்றேன். "நம்ம ஆபீஸ் கம்ப்யூட்டர்ல இருக்கே."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"அது வந்து... தூசி தட்டுனேன்."

அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

முன்கட்டில் சௌந்தரபாண்டியன் நெற்றி நிறைய திருமண்ணோடு உட்கார்ந்திருந்தார். நல்ல குரல், நல்ல சிரிப்பு. மாமனார் விசாரணைக்குப் போனால் நூற்றுக்கு நூறு போட்டுவிட்டு வருவேன்.

"குளிர் அறைச் சாவி யாருகிட்ட இருக்கும் அண்ணாச்சி?" என்று கேட்டார் அக்கா.

"எங்கிட்ட ஒண்ணு, எம்மவன்கிட்ட ஒண்ணு. ராத்திரி கடை அடைக்கிறது அவன்தான்."

"மத்தவிய பால் ஏன் திரியல?"

"மத்தவிய பால் காலையோ சாயங்காலமோ வந்த ஒடனே காய்ச்சிருவோம். நேரா அடுப்புக்குப் போயிரும். மறுநாள் காலை அடுப்புக்குன்னு அவ ஊத்துற சாயங்காலப் பால் மட்டும்தான் ராத்திரி உள்ள தங்கும். அவளை நிறுத்திட்டு, அந்த இடத்துல தனுஷ்கோடிங்கிற பால்காரனை ஊத்தச் சொன்னேன். அன்னையிலிருந்து ஒரு சொட்டு திரியல. அதே ரூம்பு, அதே கூலர். மாறுனது பால்காரி மட்டும். இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்மா?"

சொல்லிவிட்டு இலையில் பால்கோவாவை வைத்து நீட்டினார். எனக்குக் குமட்டியது. ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவாவை வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் நானாகத்தான் இருக்கும்.

அப்போதுதான் அவர் தலைக்கு மேலே மாட்டியிருந்த போட்டோவைக் கவனித்தேன். கேடயத்தோடு ஓர் இளைஞன் சிரித்தான்.

"கௌதம்ராஜ் உங்க மகனா?" கத்தியேவிட்டேன்.

ஸ்கூட்டரில் அவன் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அக்காவிடம் உண்மையைக் கக்க வேண்டியதாயிற்று. போன மாதம் ராஜபாளையத்துக் கம்ப்யூட்டர் கடை ஒன்று வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு வேகப் போட்டி வைத்தது. வீட்டிலேயே ஓட்டி, முடிவு வந்த திரையைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும். கௌதம்ராஜ் முதல் பரிசு. நான் கடைசி. நான் கலந்துகொண்டது ஆபீஸ் கம்ப்யூட்டரை வைத்து.

"அதான் அது அடிக்கடி நின்னு போகுதா?"

"ஓவர்க்ளாக்கிங் அக்கா. கம்பெனிக்காரன் வச்ச வேகத்துக்கு மேல முடுக்குறது. ஒரேயடியா ஏத்தக் கூடாது. செட்டிங்ஸ்ல ஒரே ஒண்ணை மட்டும் கொஞ்சம் ஏத்தணும், பரீட்சை வைக்கணும், சூடு பாக்கணும். தாங்குனா இன்னும் கொஞ்சம். நின்னு போனா ஒரு படி இறங்கிக்கிடணும். பரீட்சைக்குப் பேரு பெஞ்ச்மார்க். எல்லா கம்ப்யூட்டருக்கும் ஒரே கணக்கைக் குடுத்து, எது சீக்கிரம் முடிக்குதுன்னு மார்க் போடுறது."

"முடிச்சா என்ன கிடைக்கும்?"

"மார்க்."

"அந்த மார்க்கை வச்சு?"

"இன்னும் கொஞ்சம் முடுக்கலாம்."

"இதுல உனக்கு என்னலே தடை?"

"சூடுதான். முடுக்க முடுக்கக் கொதிக்கும். யாரு நல்லா குளிர வைக்கிறானோ அவன்தான் ராஜா. ஆனா ஐஸ், ஏசி எதுவும் கூடாதுன்னு போட்டி விதி. வீட்டுக் காத்து, சாதாரண ஃபேன். அதுலயே கௌதம்ராஜ் அந்த மார்க்கைத் தொட்டிருக்கான். அவன் பெரிய ஆளு அக்கா."

"பாப்போம்," என்றார் அக்கா.

மொட்டை மாடியில் சிமெண்ட் ஷீட் போட்ட ஒற்றை அறை அவனுடையது. சித்திரை வெயில் ஷீட்டில் இறங்கி எங்கள் தலையில் உட்கார்ந்தது. ஏசி கிடையாது. வாசற்படியில் படுத்திருந்த நாய்கூட நிழலைத் தேடி எழுந்து போனது. கௌதம்ராஜ் பனியனோடு வந்து, போட்டி பற்றிக் கேட்க வந்தோம் என்றதும் முகம் மலர்ந்தான்.

"நானும் கலந்துக்கிட்டேன் ப்ரோ," என்றேன்.

"எத்தனாவது?"

"பரிசு எல்லாம் முக்கியம் இல்ல ப்ரோ."

சுவரில் அவன் ஜெயித்த டெஸ்ட் ஓட்டத்தின் ஸ்கிரீன்ஷாட்டைப் பெரிதாக அச்சடித்து ஒட்டியிருந்தான். மார்க் ஒரு பக்கம், வேகம் ஒரு பக்கம், ஓட்டம் ஆரம்பிக்கும்போது இருந்த சூடு ஓர் ஓரத்தில்: இருபத்தொரு டிகிரி. போனில் எத்தனையோ தடவை பார்த்ததுதான் என்றாலும் மறுபடி வாயைப் பிளந்தபடி பார்த்தேன். என்னுடையது சும்மா இருக்கும்போதே நாற்பத்தைந்துக்குக் கீழே இறங்கியதில்லை.

"பொறுமை வேணும் ப்ரோ. ஆரம்பிக்கிறவங்க அவசரப்படுவாங்க," என்றான் அவன். "நான் இதே ரூம்ல, இதே ஃபேன்ல சாதிச்சேன்."

அக்கா நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். "தம்பி, எனக்கு இதெல்லாம் தெரியாது. இதுக்குள்ள சூட்டைக் குறைக்கிறது எது?"

"ஃபேன்தான் மேடம். காத்தை இழுத்து ஊதும்."

"எந்தக் காத்தை?"

"இந்த ரூம் காத்தைத்தான்."

"சமுத்திரம், இப்போ காத்து எம்புட்டுச் சூடு?"

போனில் பார்த்தேன். "முப்பத்தெட்டுக்கா."

"இந்தப் படம் எடுத்தது போன மாசம். அது ஒண்ணும் மார்கழி இல்லையே? அனல் காத்தை ஊதி ஊதி அந்தக் காத்தை விடக் குளிர வைக்க முடியுமா தம்பி?"

இவ்வளவு சின்ன விஷயம். அந்தப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு ஒரு மாதமாகக் கும்பிடாத குறையாகப் பார்த்து வந்திருக்கிறேன், எனக்கு உறைக்கவில்லை.

"மண்பானைத் தண்ணி குளிருதேக்கா," என்றேன், அவனைக் கைவிட மனம் இல்லாமல்.

"பானை வேர்க்கும்லே. இது வேர்க்குமா?"

கௌதம்ராஜ், "சென்சார் தப்பா காட்டியிருக்கும்," என்று முனகினான்.

"அப்போ பெட்டியைத் திறந்து காட்டு."

அவன் நகரவில்லை. நான் நகர்ந்தேன். பக்கத் தகட்டில் நாலு திருகுக்கு மூன்றுதான் இருந்தன. பையில் இருந்த நாலாவதை எடுத்து வைத்துப் பார்த்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. தகட்டைக் கழற்றினேன். கழற்றியிருக்கக் கூடாது.

அதே நாற்றம். ஃபேன் இறக்கைகளில் பாலாடை சிந்திக் காய்ந்து மஞ்சளாகப் படிந்திருந்தது. சுவரிலிருந்து ஓர் எறும்புச் சாரை வந்து, ஒயர்களின் மேல் ஏறி, அடியில் மல்லாந்து செத்துக்கிடந்த கரப்பான் பூச்சியைத் துண்டு துண்டாக எடுத்துக்கொண்டு போனது. இந்தப் பெட்டியைத்தான் நான் ஊரிலேயே அழகான பெட்டி என்று நினைத்திருந்தேன். வெளியே போய் மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்துவிட்டு வந்தேன்.

வரும்போது அவன் அழுதுகொண்டே சொல்லிக்கொண்டிருந்தான்.

"குளிர் ரூம்ல வச்சு ஓட்டுனா மார்க் ஏறும்னு தோணுச்சு மேடம். அங்க இருந்தது ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட். கூலரைப் பிடுங்கிட்டு இதை மாட்டினேன். செத்த நேரந்தானேன்னு நினைச்சேன். பெரிய டெஸ்ட்டை ஓட விட்டுட்டுக் கடையிலயே தூங்கிட்டேன். விடியுறப்போ ரூமே வெந்து போய்க் கிடந்துச்சு. திரும்ப மாட்டி விட்டேன். அப்பா வந்து பாக்குறதுக்குள்ள குளிர்ந்திரும்."

"பால் திரிஞ்சுதே?"

"மொதத் தடவை வேற காரணம்னு நினைச்சேன்."

"மூணு தடவை நினைச்சியா?"

அவன் பனியன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"உங்கப்பா ஒரு பொம்பளை பாலைச் சாக்கடையில ஊத்துனாரே, அது உனக்குத் தெரியுமா?" என்று நான் கேட்டேன். என் குரலே எனக்குப் புதிதாக இருந்தது.

"தெரியும் ப்ரோ. ஆனா அப்போ போட்டிக்கு ரெண்டு நாள்தான் இருந்துச்சு."

ப்ரோவாம். நான் கடைசி இடத்தில் வந்ததற்காக முதல் தடவையாகப் பெருமைப்பட்டேன். அக்கா மட்டும், "ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட்," என்று தனக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிறகு பாண்டிசெல்விக்குப் போன் போட்டார்.

"உங்கம்மாவைக் கூட்டிட்டுக் கடைக்கு வா. இப்போ கறந்த பாலையும் எடுத்துட்டு வா."

"சேத்தூர்க்காரன் வண்டி வாசல்ல நிக்குதேக்கா."

"நிக்கட்டும். மாட்டைத் தொட விடாதே."

கௌதம்ராஜையும் கூட்டிக்கொண்டு நாங்கள் கடைக்குப் போய்ச் சேர்ந்தபோது பால் ஊற்றும் நேரம். சந்து முழுக்கக் கேன்களும் சைக்கிள்களும் பைக்குகளும். ஓர் ஓரத்தில் மாரியாத்தாள் நின்றாள். கறுத்து மெலிந்த உடம்பு, இடுப்பில் கேன். மற்றவர்கள் அவளைச் சுற்றி இடம் விட்டு நின்றார்கள்.

அக்கா நடுவில் போய் நின்று, "கௌதம்ராஜ், எங்ககிட்ட சொன்னதை இங்க சொல்லு," என்றார்.

அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னான். கூலரைப் பிடுங்கியது, தூங்கியது, எல்லாம். கேட்டுக்கொண்டிருந்த சௌந்தரபாண்டியன் எழுந்து வந்தார். பளாரென்று மகன் கன்னத்தில் ஓர் அறை. சந்தே திரும்பிப் பார்த்தது.

"படுபாவி! ஒரு ஏழைப் பொம்பளை வயித்துல அடிக்க வச்சுட்டியேடா! எனக்கு ஒண்ணும் தெரியாமப் போச்சே!" மாரியாத்தாளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார். கண்ணில் தண்ணீர்கூட வந்தது. "நாளையிலிருந்து நீ இங்கயே ஊத்து ஆத்தா."

"பாவம், பெத்த மனுசன் என்ன செய்வாரு," என்றார் கூட்டத்தில் ஒருவர். கூட்டம் இளகியது. நானும் கொஞ்சம் இளகிவிட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். கேஸ் முடிந்தது என்று ஸ்கூட்டர் சாவியை எடுத்தேன்.

"செத்த பொறுங்க அண்ணாச்சி," என்றார் அக்கா. "தம்பி, போட்டிக்கு ஓட்டுனியே கடைசி ஓட்டம், அன்னைக்கும் குளிர் அறையிலதானே?"

கன்னத்தைத் தடவிக்கொண்டே தலையாட்டினான்.

"அன்னைக்கு தனுஷ்கோடி பால் உள்ள இருந்திருக்கு. அது ஏன் திரியல?"

"அப்போ கூலரும் ஓடுச்சு."

"ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட்ல கூலரும் உன் கம்ப்யூட்டரும் எப்படி ஓடுச்சு?"

எனக்கு அந்த வெள்ளைப் பலகை கண்முன் வந்தது. பல வருஷத்துப் பிசுக்குச் சுவரில் அது மட்டும் பளபளத்ததே. கையில் எடுத்த சாவியை மெதுவாகப் பைக்குள் போட்டேன்.

"மேடம், வெவரம் இல்லாத பயகிட்ட என்ன கேட்டுக்கிட்டு..." என்று சௌந்தரபாண்டியன் குறுக்கே வந்தார்.

கௌதம்ராஜ் அப்பாவைப் பார்த்தான். அவர் விரல்கள் ஐந்தும் அவன் கன்னத்தில் சிவப்பாக இருந்தன.

"நீங்கதானேப்பா ரெண்டாவது பாயிண்ட் போட்டுக் குடுத்தீங்க?" என்றான். "இப்போ எதுக்கு என்னை அடிக்கீங்க?"

கூட்டம் ஓர் அடி முன்னால் நகர்ந்தது.

"என்னைக்குப் போட்டாரு?" அக்கா மெதுவாகக் கேட்டார்.

"மூணாவது தடவை திரிஞ்ச அன்னைக்கு. காலையில அப்பா சீக்கிரமே வந்து, கம்ப்யூட்டர் உள்ள ஓடுறதைப் பாத்துட்டாங்க. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன். வெளிய யாருகிட்டயும் மூச்சு விடாதேன்னாங்க. மத்தியானமே ஆளு வந்து பாயிண்ட் போட்டான்." அவன் மூக்கை உறிஞ்சினான். "சாயங்காலம்தான் அப்பா இந்த அம்மாவோட பாலைக் கொட்டுனாங்க."

காலையில் தெரியும். மத்தியானம் ஆள் வைத்துச் சரி செய்தாயிற்று. அதற்குப் பிறகுதான், ஒரு குற்றமும் இல்லாத பாலில் விரலை விட்டு, நக்கி, துப்பி, 'திருட்டுக் கழுதை' என்று சொல்லி இருக்கிறார். குளிர் அறையில் கை விட்டபோது எனக்கு வந்த அருவருப்பெல்லாம் ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. அந்த மனிதர் நின்ற பக்கமே நிற்கப் பிடிக்காமல் ரெண்டடி தள்ளி நின்றேன்.

"மாறுனது பால்காரி மட்டும்னு சொன்னீங்களே அண்ணாச்சி," என்றார் அக்கா. "அதே நாள் ப்ளக்கும் மாறியிருக்கு. பால்தான் கெட்டதுன்னு நம்புற ஆளு கரண்ட் வேலைக்காரனைக் கூப்பிடுவானா?"

சௌந்தரபாண்டியன் உதட்டை நக்கிக்கொண்டார். "மவனுக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்கோம்மா. கடைப் பாலைக் கெடுத்தவன்னு பேரு வந்துட்டா... நாலு பேரு விசாரிப்பாங்கள்ல?"

"அந்த விசாரணைக்கு எங்களைத்தான் கூப்பிடுவாங்க," என்றேன் நான். "வரச் சொல்லுங்க. நல்லா சொல்லுதோம்."

யாரும் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கச் சொல்லவில்லை.

மாரியாத்தாள் அதுவரை வாயைத் திறக்கவில்லை. இப்போது கேனை இறக்கி வைத்தாள். மூடியைத் திறந்து, கூடவே கொண்டுவந்திருந்த அளவு டம்ளரை விட்டு நுரை தளும்ப மொண்டாள். நேராக அவர் முன்னால் வந்து நீட்டினாள்.

"குடி."

பல வருஷமாக முதலாளி, நீங்க, வாங்க என்று பேசியவள். சௌந்தரபாண்டியன் கூட்டத்தைப் பார்த்தார். ஒருவரும் அவர் பக்கம் பேசவில்லை. வாங்கிக் குடித்தார். தொண்டை ஏறி இறங்குவதைச் சந்து முழுவதும் பார்த்தது. கடைசிச் சொட்டு வரை குடிக்கும் வரைக்கும் அவள் விடவில்லை.

"இன்னைக்குத் துப்பலையே?" என்று கேட்டாள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டு டம்ளரை நீட்டினார். அவள் கை நீட்டவில்லை. டம்ளரையும் அவர் வாயையும் ஒரு தடவை பார்த்தாள். முகம் சுளித்தாள்.

"ஒன் வாய் பட்டது. நீயே வச்சுக்க."

கேனை மூடி இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "ஏட்டி, அந்தச் சேத்தூர்க்காரனைப் போகச் சொல்லு. மாட்டுக்குத் தண்ணி காட்டணும்," என்று மகளிடம் சொல்லிவிட்டு அடுத்த கடையைப் பார்த்து நடந்தாள். தனுஷ்கோடி தன் கேனை மூடினான். சைக்கிளைத் திருப்பிக்கொண்டு அவள் பின்னால் போனான். அவனுக்குப் பின்னால் ஒவ்வொருவராக எல்லாரும் போனார்கள். சௌந்தரபாண்டியன் காலி டம்ளரை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.